எல்மினா ஏன் முழங்காலிடவில்லை

ஆப்னர் ரேபர் தன் பெண்டாட்டியை அடிக்கவே மாட்டான். சபையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கேட்காவிட்டால் அவனே சொல்வான். எல்மினாவின் மேல் அவன் விரல்கூடப் பட்டதில்லை என்பது உண்மைதான். அடியெல்லாம் குதிரைக்கு.

அது எல்மினாவின் குதிரை. கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த செந்நிறப் பெட்டைக் குதிரை, பெயர் டாலி. காப்பி ஆறிப்போனால் டாலிக்கு அடி. எல்மினாவின் தலைத்துணியிலிருந்து ஒரு முடி வெளியே தெரிந்தால் டாலிக்கு அடி. அவள் முகம் வாடியிருந்தாலும் அடி, காரணமில்லாமல் மலர்ந்திருந்தாலும் அடி. இப்படி ஒரு மனுஷன் இருப்பானா என்று கேட்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அவனைக் காதலித்துத்தான் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாலை வாலிபர்கள் கூடிப் பாடும்போது ஆப்னரின் குரல் மட்டும் தனியாக எழும்பும். பெண்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கிற சாக்கில் அவனைப் பார்ப்பார்கள். பாட்டு முடிந்ததும் அவன் எல்மினாவைத்தான் தன் திறந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டான். வழியெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். "உன்ன யாராவது ஒரு வார்த்த சொன்னாக்கூட என்னால தாங்க முடியாது, எல்மி" என்றான் ஒருநாள். அவள் அன்று தூங்கவே இல்லை. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் தெரிந்தது. மற்றவர்கள் யாரும் சொல்லக் கூடாது, எல்லாவற்றையும் அவன்தான் சொல்வான்.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் ஆப்னரின் தம்பி சாப்பிட வந்தான். மேஜையில் அவன் ஏதோ வேடிக்கை சொல்ல, எல்மினா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தம்பி கிளம்பிப் போகும்வரை ஆப்னர் முகம் மாறவில்லை. பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"கொட்டகைக்கு வா. ஒரு வேல இருக்கு."

போனாள். டாலியைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து, தலைக்கயிற்றை அவள் கையில் கொடுத்தான்.

"பிடி."

"எதுக்குங்க?"

"பிடின்னா பிடி. விட்டேன்னா இன்னும் கூட விழும்."

சவுக்கு முதலில் டாலியின் விலாவில் விழுந்தது, பிறகு கழுத்தில், பிறகு பார்க்காமல் கண்ட இடத்தில். குதிரையின் வெள்ளை விழி புரண்டது. அது இழுத்த இழுப்பில் கயிறு எல்மினாவின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. விட்டால் அதிகமாகும் என்பதால் அவள் விடவில்லை. அழுதுகொண்டே பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் ஆப்னர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

"இத நான் பண்ணல. நீ பண்ண வெச்ச. உனக்குச் சிரிப்பு வந்துச்சில்ல? இப்ப சிரி."

அவள் சிரித்துக் காட்டினாள். அன்று மாலை அவன் வேதத்தை எடுத்து வாசித்து, மண்டியிட்டு, அந்த அழகான குரலில் ஜெபம் செய்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் அதன் போக்கில் நடந்தது. சொல்லாமல் அக்கா ரோடாவின் வீட்டுக்குப் போய்வந்த நாளில், கோடை முழுவதும் அவள் வேகவைத்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்த தக்காளியை நிலவறையில் ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு உடைத்தான். அவசரமில்லாமல் உடைத்தான். சிவப்புச் சாறு அவள் பாதம்வரை வந்தது. "தொட" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டு பார்த்தான். அவள் கையில் குத்திய கண்ணாடிச் சில்லு ஒன்று வெளியே வர நாளாயிற்று. சில வாரங்கள் ஒரு வார்த்தையும் பேசமாட்டான். பேசினால், "உன் மூஞ்சியப் பாத்தா பாலு திரிஞ்சுரும்" என்பான். கொட்டகைக்குக் கூப்பிடுவதே மேல் என்று அவளுக்குத் தோன்றிய நாட்களும் உண்டு. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, டாலியின் காயத்துக்குப் பன்றிக் கொழுப்பைத் தடவுவாள்.

ஒருநாள் சபையின் உதவிக்காரர் யோஸ்ட் சேணம் இரவல் கேட்க வந்தார். டாலியின் முதுகைப் பார்த்தார், சேணத்தை வாங்காமலே போனார். யோஸ்ட் நல்ல மனிதர்தான். பார்த்ததைப் பிஷப்பிடம் சொன்னார். அடுத்த ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளையும் ஞானஸ்நானம் எடுக்காதவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு ஆப்னரைக் கூப்பிட்டார்கள். அவன் எல்லார் முன்பும் முழங்காலிட்டு, தன் கோபம் தன்னைத் தின்கிறது என்று சொல்லி அழுதான். என்ன அழுகை! பெஞ்சுகளில் கிழவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். எல்மினாவும் அழுதாள். அவளுக்கு இன்னும் அவன் குரல் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. பிஷப் இம்மானுவேல் அவன் கையைப் பிடித்து எழுப்பி, கன்னத்தில் பரிசுத்த முத்தம் கொடுத்தார்.

எங்கள் சபையில் அதோடு அது முடிந்தது. மன்னிக்கப்பட்டதை மறுபடி எடுக்கக் கூடாது. எடுத்தால் அது எடுத்தவருடைய பாவம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆப்னர் மெல்லப் பாடிக்கொண்டு வந்தான்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு, எல்மி. இனிமே நீ அதப் பத்தி வாயத் தெறந்தா பாவம் உன்னோடது. தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் அதற்குள் புத்திசாலியாகவும் ஆகிவிட்டான். சேணத்தின் பட்டை மறைக்கும் இடங்களில் மட்டும் அடித்தான்.

ஆனாலும் ஒருநாள் பொறுக்க முடியாமல், ஆராதனைக்குப் பிறகு பாத்திரம் கழுவும்போது, பிஷப்பின் மனைவி லிடியானிடம் மெதுவாகச் சொன்னாள். லிடியான் கையிலிருந்த தட்டைத் தொட்டிக்குள் விட்டாள்.

"ஏம்மா, அது மன்னிச்ச விஷயமில்ல? பொதச்சதப் போய்த் தோண்டலாமா?"

"அவரு இன்னும் அடிக்கிறாருக்கா."

"யாரு பாத்தா? உன்னத் தவிர யாரு பாத்தா? நீ கொஞ்சம் பணிஞ்சு போயிருந்தா அவரு ஏன் கோவப்படப் போறாரு?"

விஷயம் பிஷப்புக்குப் போயிற்று. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் யார் மேலும் குற்றம் சொல்லக் கூடாது என்பது வசனம். குதிரை சாட்சி சொல்லாது. மன்னித்ததைக் கிளறிய குற்றத்துக்காக எல்மினா சபை நடுவே முழங்காலிட்டாள். அவளை எழுப்பி முத்தமிட்டவள் லிடியான்தான். அவள் வாயில் புதினா மிட்டாய் மணந்தது. 

அதற்குப் பிறகு அவள் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் என்று முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவை உடைத்தது அவள் மகள் ஐவா.

ஐவா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம். காலைச் சாப்பாட்டில் பால் குவளையைத் தட்டிவிட்டாள். பால் மேஜையைத் தாண்டி ஆப்னரின் மடியில் ஒழுகியது. அவன் இன்னும் வாயைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கி, பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது இரண்டு கையாலும் சவுக்கை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான்ப்பா கொட்டுனேன். அம்மா பிடிக்க வேணாம். டாலிய நானே பிடிச்சுக்கிறேன்."

ஆப்னர் சிரித்தான். மனசு நிறைந்து சிரித்தான்.

"பாத்தியா? இவளுக்கு இருக்குற புத்தி உனக்கு இல்ல."

எல்மினா பாலைத் துடைத்தாள்.  தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற இத்தனை காலமும் தன் மகள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று புரிந்தது. இந்தப் பிள்ளையை அந்தக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும். வேறு எதுவும் இனி முக்கியமில்லை.

ஆனால் எப்படிப் போவது? புருஷனை விட்டுப் போகிறவளுக்குச் சபையில் இடமில்லை. போலீசைக் கூப்பிடுவது என்பது எங்களில் நினைத்துப் பார்க்காத காரியம். பெண்ணின் குரலைக் கேட்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வசந்தகாலத்து இராப்போஜனம் என்னும் திருவிருந்துக்கு முன்னால் ஒரு கூட்டம் நடக்கும். அதில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, உனக்குக் கடவுளோடும் சபையோடும் சமாதானம் உண்டா என்று கேட்பார்கள். எல்லாருக்கும் உண்டு என்றால்தான் அப்பமும் திராட்சரசமும். எல்லாரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். பசி நேரம் வேறு.

அந்த வருஷம் கூட்டம் யோஸ்டின் கொட்டகையில். யோஸ்ட் பெண்கள் பெஞ்சின் ஓரமாகக் குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொருத்தியும் "உண்டு" என்று முணுமுணுத்தாள். எல்மினாவிடம் வந்தார்.

"எனக்குச் சமாதானம் இல்ல."

யோஸ்ட் அடுத்தவளிடம் போகக் காலை எடுத்து வைத்திருந்தார். அப்படியே நின்றார்.

"எதனாலம்மா?"

"நீங்க மன்னிச்ச ஒரு விஷயத்தால. அதச் சொன்னா பாவம்னு நீங்கதான் சொன்னீங்க. அதனால சொல்ல மாட்டேன். சமாதானம் இல்ல, அவ்வளவுதான்."

கொட்டகை முழுவதும் பெஞ்சுகள் கிரீச்சிட்டன. ஆண்கள் பக்கத்தில் ஆப்னர் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது மட்டும் சிவந்தது. இராப்போஜனம் தள்ளிப்போனது. "ஒருத்தியோட வாய்க்கொழுப்புக்கு ஊரே பட்டினி கெடக்கணுமா?" என்று ஒருத்தி எல்மினாவுக்குக் கேட்கும்படியே சொன்னாள். பிஷப் இம்மானுவேல் எல்மினாவைத் தனியே கூப்பிட்டார். கெட்டவர் அல்ல, களைத்தவர்.

"மகளே, புதுசா ஏதாவது நடந்திருந்தா சொல்லு. பழசுன்னா விட்டுரு. புதுசுக்குச் சாட்சி இருக்கா?"

எல்மினா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இருக்கும் ஐயா" என்றாள். இருக்கிறது என்று சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆப்னர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போனான். எல்மினா ஐவாவைக் கோழிக்கூண்டுப் பக்கம் அனுப்பிவிட்டுப் பின்னால் போனாள்.

"ஊரே பாக்க வெச்சுட்டல்ல? பிடி கயித்த."

அவள் கயிற்றை வாங்கிக் கீழே போட்டாள். டாலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ன அடிங்க."

"நான் உன்னத் தொடமாட்டேன். தள்ளு."

"ஏன்? பயமா? குதிர யாருகிட்டயும் போய்ச் சொல்லாதுங்கற தைரியம்தான உங்களுக்கு?"

"எல்மி, தள்ளுன்னு சொன்னேன்."

"நல்லாப் பாடுவீங்க. நல்லா அழுவீங்க. அது ரெண்டும் இல்லன்னா உங்ககிட்ட என்னங்க இருக்கு? உங்க தம்பி சொன்ன ஜோக்குக்கு நான் சிரிச்சேன்ல, அப்புறம் நான் சிரிக்கவே இல்ல. உங்களுக்கு ஒருத்தியச் சிரிக்க வைக்கத் தெரியாது."

சவுக்கு அவள் புருவத்திலிருந்து தாடைவரை இறங்கியது. கண்ணில் மின்னல் அடித்தது. அவள் நகரவில்லை. இரண்டாவது அடி வாயில். மூன்றாவதுக்குக் கீழே விழுந்தாள். விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் அடக்கி வைத்தது முழுவதும் வந்தது. சவுக்கு முறிந்ததும் பூட்ஸ் வந்தது. டாலி கொட்டகைச் சுவரில் மோதி மோதிக் கத்தியது. கடைசியில் அவன் தன் கைகளைப் பார்த்தான், வைக்கோலில் உட்கார்ந்து அழத் தொடங்கினான். எல்மினா ஒரு பல்லைத் துப்பினாள். விலா எலும்பு மூச்சுக்கு மூச்சுக் குத்தியது. அவளுக்குள் ஒரு கொடூரமான திருப்தி எழுந்தது. சரி, இது புதுசு என்று நினைத்தாள்.

அழுதுகொண்டிருந்தவனைத் தாண்டிப் போய் டாலியை வண்டியில் பூட்டி, ஐவாவை ஏற்றிக்கொண்டாள். முகத்தைக் கழுவவில்லை, தலைத்துணியை மாற்றவில்லை. பகல் வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க, பிஷப் வீட்டு வாசலில் போய் நின்றாள். கதவைத் திறந்த லிடியான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லிடியானக்கா, இது புதுசு. பழசு இல்ல. சாட்சி வேணும்னா மூஞ்சியப் பாத்துக்கச் சொல்லுங்க."

அன்றிலிருந்து ரோடாவின் வீட்டில் இருந்தாள். அடுத்த கூட்டத்தில் ஆப்னர் மறுபடி முழங்காலிட்டான், முன்னைவிட நன்றாக அழுதான். சபை மன்னித்தது. எல்மினாவிடம் கேட்டபோது அவளும், "மன்னிச்சுட்டேன்" என்றாள். எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

"ஆனா அவரோட வீட்டுக்குப் போக மாட்டேன்."

பிஷப் கண்ணாடியைக் கழற்றினார். "மன்னிச்சா திரும்பிப் போகணும்மா. போகலைன்னா அது மன்னிப்பே இல்ல."

"மன்னிச்சது மன்னிச்சதுதான் ஐயா. அந்தக் கொட்டகைக்குள்ள மட்டும் திரும்பிப் போக மாட்டேன். எம்புள்ளையும் போக மாட்டா."

எழுந்து வெளியே போய் டாலியை அவிழ்த்தாள். ஆப்னர் பின்னாலேயே ஓடி வந்தான். கன்னத்தில் பிஷப்பின் முத்தம் இன்னும் காய்ந்திருக்காது. தலைக்கயிற்றை அவள் கையிலிருந்து பிடுங்கி, வேலியில் சாய்ந்திருந்த கட்டையை எடுத்து, டாலியின் மூக்கில் ஓங்கி அடித்தான். இரத்தம் அவன் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. மறுபடி அடித்தான். சபை முழுவதும் முற்றத்தில் நின்று பார்த்தது. ஓங்குகிற கையைப் பிடிப்பதும் கை ஓங்குவதுதான் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து ஜெபித்தார்கள். எல்மினாவுக்கு அந்தக் குனிந்த தலைகளின் மேல் வந்த ஆத்திரம் ஆப்னரின் மேல்கூட வந்ததில்லை.

ஆனால் டாலிக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. அவன் பின்பக்கம் சுற்றி வந்ததும் ஒரே உதை. முழங்கால் எலும்பு உடைந்த சத்தம் வேலிவரை கேட்டது. ஆப்னர் அலறிக்கொண்டு சேற்றில் விழுந்தான். எல்மினா குனிந்து கயிற்றை எடுத்துக்கொண்டாள். பூட்டி, ஏறி, போய்விட்டாள்.

அதையும் மன்னித்தார்கள். முழங்கால் உடைந்தவன், ஊன்றுகோலை வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அதே முழங்காலை மடக்கினால் எந்தச் சபைதான் உருகாது? எல்மினாவை ஒரே ஒரு தடவை முழங்காலிட்டுப் புருஷனிடம் திரும்பச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். அடித்தவன் உள்ளே இருந்தான், அடிபட்டவளை விலக்கி வைத்தார்கள்.

விலக்கப்பட்டவளோடு ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது. ரோடாவின் சமையலறையில் ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை போட்டார்கள். பின்னறையில் எல்மினாவும் ஐவாவும் இருந்தார்கள். ஐவா சின்னப் பிள்ளை, அவளுக்கு விதி கிடையாது, அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆப்னர் ஒருமுறை பிள்ளையைக் கேட்டு வந்தான். ரோடாவின் புருஷன் கிறிஸ்ட், மாட்டு வண்டி அகலத்துக்கு ஆள், கைகட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நகரவில்லை. ஆப்னர் நொண்டிக்கொண்டே திரும்பிப் போனான். எல்மினா பழ அப்பங்கள் சுட்டு ரோட்டோரம் விற்றாள். உள்ளே ஒருநாள் சிரிப்புச் சத்தம் கேட்டு ரோடா எட்டிப் பார்த்தால், தாயும் மகளும் எதற்கென்றே சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லிடியான் மட்டும் வருஷா வருஷம் இராப்போஜனத்துக்கு முன்னால் புத்தி சொல்ல வருவாள். "ஒரு தடவ முழங்காலிட்டா என்னம்மா கொறஞ்சுரும்?" என்பாள். எல்மினா மாவு பிசைவதை நிறுத்தாமலே, "இங்கயே நல்லா இருக்கேன்க்கா" என்பாள்.

ஐவா வளர்ந்து அம்மாவைவிட உயரமாகிவிட்ட ஓர் இலையுதிர்காலத்தில், காலமில்லாத காலத்தில் லிடியான் வந்தாள். வண்டியை ரோட்டிலேயே நிறுத்தியிருந்தாள். அதில் போன வருஷம் கல்யாணமான அவள் கடைசி மகள் உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் தொப்பியை முன்னால் இழுத்து முகத்தை மறைத்திருந்தாள். மடியில் ஒரு துணிமூட்டை.

லிடியான் வாசல்படியில் நின்றாள். புத்தி எதுவும் சொல்லவில்லை. 

"அவ வளத்த நாய..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "மாப்ள அவ மேல கை வைக்கலம்மா. கை மட்டும் வைக்கல."

எல்மினாவுக்கு அந்தப் புதினா வாசனை நினைவுக்கு வந்தது. இவள் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டாள், அதில் அவளுக்கு வெட்கமில்லை. லிடியான் நின்றாள். இடுப்பில் கட்டியிருந்த துணியின் நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அந்தப் பின்னறையில... இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமா, எல்மினா?"

எல்மினா கையில் ஒட்டிய மாவை உதறினாள். ரோட்டைப் பார்த்தாள்.

"வண்டியக் கொட்டகைக்குப் பின்னால கொண்டுபோய் விடச் சொல்லுங்க" என்றாள். "ரோட்டுல இருந்து தெரியக் கூடாது."